வெயில் கொண்ட ஜெபக்குமார்

வாழி! நைட்டி தைத்து நாடெங்கும் அனுப்பும் தளவாய்புரத்துத் தலைமகன் வாழி! டபுள் எக்ஸ்எல்லும் ட்ரிபிள் எக்ஸ்எல்லும் வாயிலில் ஏவல் கேட்டு நிற்க, பூப்போட்ட துணிக்கட்டுகள் மலையெனக் குவிந்து திறை செலுத்த, வரிசை வரிசையான தையல் மிஷின்கள் முரசென முழங்க, நடுவே கண்ணாடி அறைக்குள் ஏசி தன் குளிர்காற்றால் சாமரம் வீச, சுழல்நாற்காலி என்னும் அரியணையில் அரைநாள் சாய்ந்தும் அரைநாள் சுழன்றும் ஆட்சி புரிந்த அண்ணல், ராஜபாளையத்து வீட்டிலிருந்து காரிலே புறப்பட்டுக் காரிலே வந்து சேரும் காவலன், டியூப்லைட்டின் ஒளியன்றிப் பிறிதோர் ஒளியை மேனியில் ஏற்காதான், ஜெபக்குமார் என்னும் பெருந்தகை வாழி! அவனுக்கு ஐம்பது வயது கழிந்துவிட்டது; சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை.

கேட்பவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறோம். இக்காவியத்தில் யானை இல்லை, தேர் இல்லை, வில்லும் வேலும் இல்லை. ஒரு குடை உண்டு, ஒரு தாம்பாளம் உண்டு, கொஞ்சம் காக்கை உண்டு. இது போதாது என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எழுந்து போகக் கால் ஒத்துழைக்கிறதே, அந்த மட்டும் கொடுத்து வைத்தவர்கள். நம் தலைவனுக்கு அதுதான் இல்லாமற் போயிற்று.

அந்தக் கேடு வந்த வகையைச் சொல்வோம். பங்குனி மாதத்து ஞாயிறு ஆராதனை ஒன்றில், வெள்ளை வேட்டி சரசரக்கக் கோமான் ஆலயத்துள் நுழைந்தான், எல்லாரோடும் முழங்காற்படியிட்டான், எல்லாரோடும் ஆமென் சொன்னான், எல்லாரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை. எழ எண்ணாமல் இல்லை. எண்ணம் எழுந்துவிட்டது, தொடை எழவில்லை. இடுப்புக்குக் கீழிருந்த படை முழுதும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுச் சம்பளம் வராமல் நகரமாட்டோம் என்று உட்கார்ந்துகொண்டது. மானம் காக்க வேண்டி, மாவீரன் கண்ணை இறுக மூடி உதட்டை அசைக்கலானான். சபையார் அதனைப் பக்தியின் பெருக்கு என்று கண்டு வியந்தனர். போதகர் அவனைப் பார்த்து, ஜெபித்தால் இப்படி ஜெபிக்க வேண்டும் என்று மேடையிலிருந்தே மெச்சினார். அவன் மனைவி செல்லக்கனி ஒருத்திதான், கல்யாணமான நாள் முதல் அந்த வாயிலிருந்து இத்தனை நீண்ட ஜெபத்தைக் கேட்டறியாதவள் ஆகையால், பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

வயசானால் காலைப் பிடிக்கத்தான் செய்யும், இதுக்குப் போய் ஒரு காவியமா என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. அவர்கள் செத்த நேரம் பொறுக்க. கோமானின் ஒரே மகள் ஹெப்சிபாவை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் தவசிமுத்துவின் மகன் ஆல்வினுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வைகாசியில் நிச்சயதார்த்தம். தவசிமுத்துவின் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அது எந்தச் சபையின் சட்டமும் அன்று. அவர்கள் வீட்டுக்கென்று அமைந்த தனிச் சட்டம். இரு வீட்டுத் தகப்பன்மாரும் தேங்காய், பழம் அடுக்கிய தாம்பாளத்தை இரு கையாலும் ஏந்தியவாறே முழங்காற்படியிட்டு, போதகர் ஜெபித்து முடித்ததும், தாம்பாளம் தரையில் படாமல் தாமே எழுந்து நின்று தட்டு மாற்ற வேண்டும். தவசிமுத்துவின் தகப்பனார் அப்படித்தான் மாற்றினார். அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் மாற்றினார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

கையூன்ற வழியில்லை, தோள் தர ஆளில்லை. பந்தல் நிறைய சனம் பார்த்திருக்க, பெண்ணைப் பெற்றவன் பழத்தட்டோடு தரையில் மாட்டிக்கொண்டால் ஊர் என்ன பேசும்? இதென்ன நோய், இது வழிவழியாய் வருவதோ, பெண்ணுக்கும் உண்டோ என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதைக் கேட்டுத் தவசிமுத்து மீசையைத் தடவுவார். அந்த மீசையோ சாமானிய மீசை அன்று. அது பேசி முடித்த நாளிலிருந்து இன்றுவரை ஒருமுறையும் சிரிப்புக்கு இடங்கொடுத்ததில்லை. மகளின் வாழ்வு தன் இரண்டு தொடையில் வந்து நிற்கிறதே என்று கோமான் அஞ்சினான். சோறு இறங்காமல் அஞ்சினான்.

ராஜபாளையத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தாலும் அவனிடம் நைட்டி வாங்கிய முகம் ஒன்று எதிரே நிற்கும். ஆதலால் அவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான். சம்பந்தியின் கடை இருக்கும் தெருவைத் தொடாமல், பகைவன் கோட்டையைச் சுற்றிப் போகும் ஒற்றனைப் போலச் சந்து சந்தாக நுழைந்து, ஒரு டாக்டரம்மாவின் முன் அமர்ந்தான். அவர் இளவயதினர், சிரித்த முகத்தினர். இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் முடிவு வந்தது. எலும்பு நன்றாயிருக்கிறது, மூட்டு நன்றாயிருக்கிறது, வைட்டமின் டி மட்டும் தரை தட்டிப்போயிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார்.

யார் அந்த டி? அவன் வரலாற்றையும் பாடிவிடுவோம். கால்சியம் என்னும் கொத்தனார் சாந்துச் சட்டியோடு குடலின் வாசலில் வந்து நின்றால், கதவைத் திறந்து உள்ளே அழைத்துப்போகும் வாயிற்காவலன் அவன். அவன் இல்லையேல் கொத்தனார் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார். நீ ஆழாக்குப் பால் குடித்தாலும் சரி, அண்டாப் பால் குடித்தாலும் சரி, பெரும்பகுதி வீண். சிறுபிள்ளைகளுக்கு அவன் குறைந்தால் கால் வில்லாய் வளையும். பெரியவர்களுக்குக் குறைந்தால் எலும்பு நோகும், தொடை தளரும், உட்கார்ந்தவர் எழ மாட்டார். சாளை மீனில் கொஞ்சமும் முட்டையின் மஞ்சளில் கொஞ்சமும் அவன் ஒட்டிக்கொண்டிருப்பான். மற்றபடி சட்டியில் வேகிறவன் அல்லன், சந்தையில் கிடைக்கிறவன் அல்லன். வெயில் பட்ட மனிதத் தோலில் தானே பிறக்கும் சூரியகுமாரன் அவன். கோமானின் தோலிலோ வெயில் பட்டுப் பல வருஷம் ஆயிற்று.

வாரம் ஒரு மாத்திரை எழுதித் தந்தபின் டாக்டரம்மா தம் ஆணையைப் பிறப்பித்தார்: பகல் பதினொன்றுக்கு மேல் ஒன்றுக்குள், அரைமணி நேரம், கையிலும் காலிலும் முதுகிலும் நேரடியாக வெயில் படவேண்டும், தலையில் துண்டு போட்டுக்கொள்ளலாம், கார்க் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது. கேட்ட கோமான் வந்த பயமெல்லாம் பறக்க வாய்விட்டுச் சிரித்தான்.

“வெயிலா? எங்க ஊர்லயா? லோடு லோடாக் கெடக்கு, டாக்டரம்மா.”

அட பாவி மனுஷா! சிரிக்காதே என்று அப்போதே சொல்லியிருப்போம். சொன்னால் கேட்கவா போகிறான்?

முதற்போர் தளவாய்புரத்துப் பட்டறை முற்றத்தில் மூண்டது. சித்திரைச் சூரியன் உச்சிக்கு ஏறித் தன் கதிர்ப்படையை ஒருசேர இறக்க, தார் ரோடு இளக, தகரக் கூரை முனக, தெருநாய் லாரிக்கு அடியில் தஞ்சம் புக, அவ்வேளையில், சட்டையைக் கழற்றிப் பனியனோடு, வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் ஈரத்துண்டு மகுடமாகத் துலங்க, கண்ணாடி அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளிப்பட்ட கோமான் முற்றத்தின் நட்டநடுவில் போய் நின்றான். கண்ணை மூடினான். சூரியகுமாரனே, என் தோலில் எழுந்தருள் என்று மனத்துக்குள் அழைத்தான். அவன் அழைத்த கையோடு, உள்ளே மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

இந்தச் சீமையில் ஒரு தர்மம் உண்டு. வெயிலில் ஒருவர் சும்மா நிற்கக் கண்டால், அவர் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியே ஆனாலும், நிழலுக்கு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்து போகக் கூடாது. சொல்லாமல் போனால் அன்றைக்குச் சோறு செரிக்காது. சாதாரண ஆளுக்கே இப்படியென்றால், சம்பளம் கொடுக்கும் முதலாளி பனியனோடு நின்று வேகுவதைத் தையல் பெண்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? ஜன்னலில் முகங்கள் குவிந்தன. வீட்டில் சண்டை என்றாள் ஒருத்தி. வேண்டுதல் என்றாள் ஒருத்தி. வேதக்காரர்கள் அப்படி வேண்டமாட்டார்களே என்று மறுத்தாள் இன்னொருத்தி. முடிவில் பெண்களுக்கு மூத்தவளான மாரிசெல்விதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். முந்திய நாள் போன சரக்கில் கழுத்துப் பட்டி கோணலாகிவிட்டது. அதைக் கண்டு மனம் நொந்த முதலாளி, நம்மைத் திட்ட வாய் வராமல் தன்னையே தண்டித்துக்கொள்கிறார் என்றாள். அனைவரும் உச்சுக்கொட்டினார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்ல நா கூசுகிறது. கறுப்புக் குடை ஒன்று கார்மேகம் போல எழுந்து வந்து கோமானின் தலைக்கு மேல் விரிந்தது. பின்னாலேயே பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அதன் பின்னால் செம்பு நிறைய மோர் வந்தது.

“அண்ணாச்சி, தப்பு எங்க மேலதான். எல்லாத்தையும் பிரிச்சுத் தச்சுத் தாரோம். நீங்க மொதல்ல நெழலுக்கு வாங்க” என்றாள் மாரிசெல்வி. அவள் கண்ணில் நீர் நின்றது.

எனக்கு விட்டமின் குறைச்சல் என்று தொடங்கினான் கோமான். அதற்கு மேல் அவன் சொன்னதெல்லாம் மோருக்குள் போயிற்று. இருவர் கையைப் பிடித்தார்கள், ஒருத்தி துண்டால் விசிறினாள், பேச்சு முடிவதற்குள் ஏந்தல் மறுபடியும் ஏசியின் கீழே கிடந்தான். அன்று மாலைக்குள் ஒரு கோணலும் இல்லாத நைட்டிகள் ஒரு கட்டு முழுக்கப் பிரித்துத் தைக்கப்பட்டன.

முதலாளிக்கு விட்டமின் இல்லையாம் என்ற செய்தியோ, பட்டறையைத் தாண்டி, பஸ் ஏறி, அக்கம்பக்கம் அனைத்தும் பரவிற்று. சத்துக்குறைவு என்று கேட்டால் இவ்வூரார் வெறுங்கையோடு பார்க்க வரமாட்டார்கள். ஆகவே, போருக்கு அழைக்கப்படாத படைகள் எல்லாம் கோமானின் சாப்பாட்டு மேசையில் வந்து அணிவகுத்தன. அந்த அணிவகுப்பைக் காண ஆயிரம் கண் வேண்டும்.

சோழபுரத்துத் தோட்டத்து முருங்கைக்கீரையின் மேல் ஏறி, பப்பாளியும் கேரட்டும் இருபுறமும் காவல் வர, மாலைக்கண்ணை மாய்க்கும் ஏ என்னும் கண்காவலி முதலில் எழுந்தருளினாள். அடுத்து பி என்னும் பெருங்குடும்பம், அண்ணன் தம்பி எட்டுப்பேர். தவிடு போகாத அரிசியிலும் நிலக்கடலையிலும் குடியிருப்பவன் மூத்தவன். தின்ற சோற்றைத் தெம்பாக மாற்றுவது அவன் தொழில், அவன் முறுக்கிக்கொண்டால் கால் மரத்துப்போகும், நெஞ்சு படபடக்கும். வாயோரப் புண்ணை ஆற்றுபவன் அவனுக்கு அடுத்தவன், பாலோடும் முட்டையோடும் வந்தான். அவர்களுள் கீரையில் வாழும் ஃபோலிக் என்பவனைப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் நன்கு அறிவார்கள். எட்டுப்பேரில் கடைக்குட்டியின் பெயர் பன்னிரண்டு. அது ஏன் என்று கேட்காதீர்கள், அது அவர்கள் குடும்ப விவகாரம். அவன் ஆட்டீரலில் அமர்ந்து வந்தான். கீரையில் கால்வைக்க மாட்டான். அவன் போய்விட்டால் இரத்தம் வெளுக்கும், உள்ளங்காலில் எறும்பு ஊரும், வைத்த பொருள் வைத்த இடத்தில் நினைவிருக்காது. நெல்லிக்காய்க் கூடையிலும் கொய்யாப்பழத்திலும் புளிக்கப் புளிக்கச் சிரித்துக்கொண்டு சி வந்தாள். ஈறில் இரத்தம் கசிந்தால், பட்ட புண் ஆற மறுத்தால், அவள் வீட்டில் இல்லை என்று பொருள். கடலையெண்ணெயில் மிதந்து ஈ வந்தான். வெட்டுப்பட்டால் குருதியை உறையச் செய்யும் கே, கீரைக்கட்டுக்குள் சத்தமில்லாமல் ஒளிந்து வந்தான். எல்லாரும் வந்தார்கள், வரவேண்டிய ஒருவன் மட்டும் வெளியே வெயிலில் நின்றான்.

கோமான் ஒன்றையும் ஒதுக்கவில்லை. கொண்டுவந்தவர் மனம் நோகுமே என்று ஈரலைத் தின்றான், நெல்லிக்காயைக் கடித்தான், முருங்கைக்கீரையைக் காலையிலும் மாலையிலும் மென்றான். கண் பளிச்சென்று தெரிந்தது, ஈறு இறுகிற்று. தொடை எழவில்லை.

இரண்டாம் போருக்கு அவன் ஆளில்லாக் களத்தைத் தேர்ந்தான். தேவதானத்துப் பக்கம், மலையடிவாரத்தில், அறுப்பு முடிந்து வெறுமையாய்க் கிடந்த வயல். கண்ணுக்கு எட்டிய மட்டும் மனிதர் இல்லை, குடை இல்லை, மோர் இல்லை. காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, வரப்போரம் நடந்து, இடுப்பளவு சுவர் கட்டிய கிணற்றின் அருகே சட்டையையும் பனியனையும் கழற்றி மடித்து வைத்து, கைகளை விரித்து நின்றான் வீரன். கதிர்கள் முதுகைத் தொட்டன. ஆகா, இதுவல்லவோ பேறு என்று அவன் உள்ளம் துள்ளிற்று. ஆனால் கிணற்றோரம் போய் நின்றதுதான் அவன் செய்த தப்பு.

கிணற்றோரம் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கையை விரித்துக் கண்ணை மூடி நிற்கும் வெள்ளை வேட்டிக்காரரைக் கண்டால் உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி என்ன நினைப்பான்? அந்த வயலுக்குச் சொந்தக்காரரான தங்கச்சாமி டிவிஎஸ் வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வரப்பில் சத்தமில்லாமல் வந்து, கோமானின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். உழைத்துக் காய்த்த கை. அது பிடித்தால் மாடே நிற்கும்.

“அண்ணாச்சி, எதுவா இருந்தாலும் நெழல்ல ஒக்காந்து பேசித் தீத்துக்கிடுவோம்.”

குதிக்க வரவில்லை, வெயில் காய வந்தேன் என்றான் கோமான். அதைக் கேட்டுத் தங்கச்சாமிக்கு இருந்த சந்தேகமும் தீர்ந்துபோயிற்று; சித்திரை உச்சியில் வெயில் காய வந்தேன் என்கிறவன் கண்டிப்பாகக் குதிக்கத்தான் வந்திருக்கிறான். புளியமரத்தடிக்கு நடத்திக்கொண்டு போய் உட்காரவைத்தார். நுங்கு வெட்டித் தந்தார். மழை பொய்த்த வருஷத்தில் தாம் இதே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்ததையும், பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றதையும் சொன்னார். சொல்லும்போது ஒரு கை நுங்கைக் காட்டிற்று, மறுகை மணிக்கட்டை விடவேயில்லை. வெயில் மேற்கே சாய்ந்தபின்தான் விட்டார். விட்டுவிட்டு, குத்தவைத்திருந்த இடத்திலிருந்து, தரையில் ஒரு விரலும் படாமல் அவர் படக்கென்று எழுந்தார். கோமான் அந்தத் தொடைகளைப் பார்த்தான். மரத்தைப் பிடித்துக்கொண்டு தானும் எழுந்தான்.

அன்று வீடு திரும்பிய ஏந்தல் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் அமர்ந்தான். வைகாசி வாசலுக்கு வந்துவிட்டது. பத்திரிகை அடித்தாயிற்று. பந்தலுக்குச் சொல்லியாயிற்று. சோபாவிலிருந்து எழவே இன்னும் கையூன்ற வேண்டியிருந்தது. சூரியன் ஓசியில் கொட்டும் ஊரில் ஒரு மனுஷன் அரைமணி நேரம் வெயிலில் நிற்க முடியவில்லையே என்று சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. செல்லக்கனி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்தபின், காவியம் முழுவதிலும் சிறந்த போர்த்தந்திரத்தை, கையிலிருந்த கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் மொழிந்தாள்:

“சும்மா நின்னா ஏன்னு கேக்கத்தான் செய்வாவ. கையில ஒரு வேலைய வச்சிக்கிட்டு நில்லுங்க, ஒருத்தரும் கேக்க மாட்டாவ.”

கோமான் யோசித்தான். அதே உச்சி வேளையில் ரோட்டுக்குத் தார் ஊற்றுகிறார்கள், கம்பத்தில் ஏறி ஒயர் இழுக்கிறார்கள், களத்தில் நெல் காயப்போடுகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் குடை பிடித்து ஓடியதில்லை. அவனும் காருக்குள் இருந்தபடி எத்தனையோ பேரைக் கடந்து போயிருக்கிறான். கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை நினைக்க அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மறுநாள் விடியலில் செல்லக்கனி பச்சரிசி மாவில் கூழ் காய்ச்சினாள். சீரகம் மணக்க, எலுமிச்சைச் சாறு துலங்க, அந்தக் கூழ் மொட்டை மாடியில் விரித்த பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக இறங்கி, எண்ணிலா வெண்ணிலாக்களாக விளங்கிற்று. அதன் நடுவே, துண்டு தலையில், வேட்டி முழங்காலுக்கு மேல், கையில் மூங்கில் கம்பு செங்கோலாய்த் திகழ, வற்றல் காக்கும் வேந்தனாய்க் கோமான் அமர்ந்தான். முதுகை முழுசாகச் சூரியனுக்குக் கொடுத்தான்.

காக்கைப் படை வந்தது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒற்றைக்கண் சாய்த்து ஒற்றன் ஒருவன் முதலில் இறங்கினான். பின்னே டிஷ் ஆன்டெனாவின் மேல் கறுஞ்சேனை திரண்டது. கோமான் கம்பைச் சுழற்றினான். இடப்புறம் விரட்டினால் வலப்புறம் கவர்ந்தன, வலப்புறம் பாய்ந்தால் பின்புறம் கொத்தின. குனிந்தும் நிமிர்ந்தும், ஓடியும் திரும்பியும், வியர்வை அருவியாய் வழிய, வாழ்நாளில் கண்டிராத வேகத்தோடு அந்த நைட்டி வேந்தன் மாடியெங்கும் உலாவினான். அப்போதுதான் பக்கத்து வீட்டு மாடத்தி தன் மாடியில் மிளகாய் வற்றலைக் கிளறிவிட வந்தாள். கம்பும் கையுமாய் நின்றவனைக் கண்டாள். கோமானின் மூச்சு நின்றது. இதோ வரப்போகிறது குடை, இதோ வரப்போகிறது மோர்.

“அண்ணாச்சி, அப்படியே எங்க மொளகாயையும் ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு மாடத்தி கீழே இறங்கிப் போய்விட்டாள்.

நிழலுக்கு வா என்று சொல்லாத முதல் மனுஷி! கோமானுக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாயையும் சேர்த்துக் காத்தான்.

அன்று தொட்டு நாள்தோறும் வற்றல் காய்ந்தது. கூழ் வற்றல் காய்ந்தது, வெங்காய வடகம் காய்ந்தது, மோர் மிளகாய் காய்ந்தது, சுண்டவற்றல் காய்ந்தது. போடுவதற்கு வேறொன்றும் இல்லாதபோது காய்ந்த வற்றலே மறுபடியும் காய்ந்தது. கோமான் மினுமினுவென்று கறுத்தான். போட்டோவில் அப்பா தெரிவாரா என்று ஹெப்சிபா கவலைப்பட்டாள். காவல் முடிந்ததும், வற்றல் நிறைந்த தட்டை இரு கையிலும் ஏந்தி, மாடியிலேயே முழங்காலிட்டு எழுந்து பழகினான். முதலில் வற்றல் எல்லாம் சிதறியது. பிறகு பாதி சிதறியது. பிறகு ஒன்றிரண்டு மட்டும் விழுந்தது. வாரம் தவறாமல் மாத்திரையும் விழுங்கினான். வெற்றியில் மாத்திரைக்குப் பங்கு எவ்வளவு, வெயிலுக்குப் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது காவியத்துக்கு அழகன்று. டியூப்லைட்டே கதியென்று தைத்துக்கொண்டிருக்கும் பெண்களின் நினைவும் வந்து, இனிப் பட்டறையில் பகல் டீ முற்றத்தில்தான் என்று ஆணை பிறப்பித்தான். அவர்கள் அதற்கும் குடை கொண்டு வந்தார்கள்.

வந்தது வைகாசி. ராஜபாளையத்துப் பந்தலில் இரு குலமும் திரண்டன. மேளம் ஓய, மல்லிகை மணக்க, பட்டு வேட்டியில் மலையென நடந்து வந்தார் தவசிமுத்து. வருவதற்கு முன் மீசை வந்தது, மீசைக்குப் பின் அவர் வந்தார். தாம்பாளங்கள் கைக்கு வந்தன. இரு தகப்பன்மாரும் சபை நடுவே அருகருகே முழங்காற்படியிட்டார்கள். போதகர் கண்ணை மூடினார். மணமக்களுக்காக ஜெபித்தார், பெற்றோருக்காக ஜெபித்தார், வர முடியாமற்போன உறவினருக்காக ஜெபித்தார். பின்னர் நாட்டுக்காகவும், நல்ல மழைக்காகவும், அரசுத் தேர்வு எழுதியிருக்கும் வாலிபர்களுக்காகவும் விரிவாக ஜெபித்தார். கோமானின் தொடை நடுங்கத் தொடங்கிற்று. தேங்காய் ஒன்று தட்டில் மெல்ல உருண்டது. எதிரே ஹெப்சிபா கண்ணை மூடாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைக் கண்டதும் அவன் தாம்பாளத்தை இறுகப் பிடித்தான்.

ஆமென் என்றார் போதகர். ஆமென் என்றது பந்தல்.

அப்பொழுது, கேளீர், வற்றல் காத்த வேந்தன், காக்கைகளைக் கலக்கிய காளை, குடைகளை வென்றோன், தன் தோலில் பிறந்த சூரியகுமாரர் அனைவரையும் ஒருங்கே அழைத்து, இடக்காலை முன்னே ஊன்றி, வலத்தொடையை அதட்டி, தாம்பாளம் தளும்பாமல், தேங்காய் உருளாமல், ஒரு வெற்றிலையும் விழாமல், மாடியில் பழகிய அதே கணக்கில், மெல்ல மெல்ல, கீழ்வானத்திலே கதிரவன் எழுவது போல எழுந்தான், எழுந்தான், எழுந்தே நின்றான்! செல்லக்கனி விட்ட பெருமூச்சு பந்தலின் கடைசி நாற்காலிவரை கேட்டது. கோமான் தட்டை நீட்டிக்கொண்டு சம்பந்தியின் பக்கம் திரும்பினான். அங்கே சம்பந்தியைக் காணோம்.

கீழே பார்த்தான். தவசிமுத்து இன்னும் முழங்காலில் இருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்ன பக்தி, என்ன பக்தி என்று சபையார் வியந்தனர். ஆனால் அந்த ஜெபம் எந்த ஜெபம் என்பதைப் பந்தலிலே ஒருவன் அறிவான். காலை முதல் இரவு வரை பால்கோவாக் கடையின் கல்லாவில், கூரைக்குக் கீழே, ஃபேனுக்கு நேரே உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர். பாலுக்குப் பஞ்சமில்லை, வாயிற்காவலன்தான் இல்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. இத்தனை நாளும் அச்சுறுத்திய அந்த மீசை லேசாக நடுங்கிற்று. அதன் அடியிலிருந்து, வேறு யார் காதிலும் விழாத ஒரு குரல் வந்தது.

“சம்பந்தி... செத்த கை குடுங்க.”

கோமான் தட்டைச் செல்லக்கனியிடம் கொடுத்தான். சம்பந்தியின் தட்டை வாங்கி ஆல்வினிடம் கொடுத்தான். குனிந்து, அன்று ஆலயத்தில் தன் மனைவி கொடுத்த அதே முறையில், அக்குளில் கைகொடுத்து அந்த மலையைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் இருவர் நெஞ்சும் சேர்ந்தன. சம்பந்திமார் கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்று பந்தலே கண்ணைத் துடைத்துக்கொண்டது, போட்டோக்காரர் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தார். தவசிமுத்து பிடியை விடவில்லை, விட்டால் விழுவார். அந்தத் தழுவலின் மறைவில், அவர் காதோரம் குனிந்து, வெயில் கொண்ட ஜெபக்குமார் மெல்லக் கேட்டான்.

“உங்க வீட்ல வத்தல் போடுவாவளா?”

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தவசிமுத்து வீட்டு மாடியிலும் வற்றல் காய்ந்தது.